குரைக்கிற நாய் முன்னால், கடிக்கிற நாய் கடைசியில்

குரைக்கிற நாய் கடிக்காது என்பது நமக்குப் பழமொழி. டெக்சாஸிலோ லூசியானாவிலோ காட்டுப்பன்றி வேட்டைக்கு நாய் வளர்ப்பவருக்கு, நாய் வாங்கும்போது பார்க்கிற முதல் தகுதியே அதுதான். பன்றியைக் கண்டதும் ஏழெட்டு அடி தள்ளி நின்று, அதன் முகத்துக்கு நேராக விடாமல் குரைக்கிற நாய் வேட்டையின் முக்கால்வாசி வேலையை முடித்துவிடுகிறது. கடிக்கிற நாய்க்குக் கடைசி இரண்டு மூன்று நிமிடம்தான் வேலை. இந்த வரிசை குலைகிற இடத்தில்தான் நாய்கள் சாகின்றன.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் இதைச் செய்யக்கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் வருகிறது. பயிரை அழித்தது என்பதற்காக நாமே நாயை ஏவிப் பிடித்தால் குற்றம். கோம்பையும் ராஜபாளையமும் ஒரு காலத்தில் பன்றி வேட்டைக்குப் பழக்கிய இனங்கள் என்பதால், நாய் வளர்ப்பவர்களிடையே இந்தப் பேச்சு அடிக்கடி வரும். கீழே இருப்பது முழுக்க அமெரிக்கத் தென்மாநிலங்களின் முறை, அங்கே சட்டம் அனுமதிக்கும் முறை.

அமெரிக்காவுக்குப் பன்றி சொந்தமில்லை. 1539இல் ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான்டோ டி சோட்டோ ஃப்ளோரிடாவில் வந்து இறங்கியபோது கூடவே பன்றிகளையும் கொண்டுவந்தார். அப்போது தப்பியவை, பிறகு குடியேறிகள் காட்டில் மேயவிட்டவை, 1912இல் வேட்டைக்கென்றே ஐரோப்பாவிலிருந்து வட கரோலினா மலைக்குக் கொண்டுவந்தவை என எல்லாம் கலந்ததுதான் இன்றைய கூட்டம். டெக்சாஸில் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் இருக்கும் என்பது கணக்கு. பெட்டைப் பன்றி ஆறு முதல் எட்டு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஏறத்தாழ 115 நாள், ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டி. ஒரே இரவில் சோள வயலையோ நிலக்கடலைக் காட்டையோ உழுதுபோட்டதுபோல் ஆக்கிவிடும். அதனால் அங்கே சட்டம் தளர்வாக இருக்கிறது. டெக்சாஸில் 2019 செப்டம்பர் முதல், நில உரிமையாளரின் அனுமதி இருந்தால் வேட்டை உரிமம் இல்லாமலே காட்டுப்பன்றியைப் பிடிக்கலாம்.

ஆனால் நாயை வைத்துப் பன்றிப் பெருக்கத்தை அடக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாய்கள் ஓர் இரவில் ஒன்றிரண்டைப் பிடிக்கும். மீதிக் கூட்டம் கலைந்து பக்கத்துப் பண்ணைக்குப் போய்விடும். கூட்டத்தை முழுசாக எடுக்க வட்டப் பட்டிதான் சரி. இரும்பு வலைத் தட்டிகளை வட்டமாக நட்டு, சோளம் போட்டு, எல்லாப் பன்றியும் பயமில்லாமல் உள்ளே வந்து தின்னப் பழகும்வரை நாள்கணக்கில் காத்திருந்து, கேமராவில் பார்த்துக் கதவைப் போட வேண்டும். மிசௌரி மாநில இயற்கைப் பாதுகாப்புத் துறை 2016இல் தன் நிலங்களில் பன்றி வேட்டைக்கே தடை போட்டதற்கு இந்தக் கலைதல்தான் காரணம். நாய்க்கு உண்மையான வேலை பட்டி வேலை முடிந்த பிறகு வருகிறது. கூட்டாளிகள் மாட்டியதைப் பார்த்துவிட்டு இனிப் பட்டிப் பக்கமே வராத பெட்டை, எப்போதும் தனியாகத் திரியும் பெரிய ஆண் ஆகியவற்றைத் தேடிப் பிடிக்க நாயை விட்டால் வேறு வழி குறைவு.

மறிநாயும் பிடிநாயும்

அங்கே பே டாக் என்பதை மறிநாய் என்றும், கேட்ச் டாக் என்பதைப் பிடிநாய் என்றும் வைத்துக்கொள்வோம்.

மறிநாய்க்கு மூக்கு, கால், குரல் மூன்றும் வேண்டும். லூசியானாவின் கேட்டஹூலா, கறுப்பு வாய் கர், டெக்சாஸின் புளூ லேசி, வட கரோலினாவின் பிளாட் ஹவுண்ட் ஆகியவைதான் அதிகம். கேட்டஹூலா லூசியானாவின் மாநில நாய். பிளாட் வட கரோலினாவுக்கு, லேசி டெக்சாஸுக்கு. பிளாட் போன்ற ஹவுண்டு மோப்பம் பிடித்த தடத்திலேயே குரைத்துக்கொண்டு போகும், அதனால் பன்றிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். மற்ற மூன்றும் சேரும் கர் வகை வாயைத் திறக்காமல் ஓடி, பன்றியைக் கண்ட பிறகுதான் குரைக்கும். ஆற்றோரப் புதர்க்காட்டில் பன்றி நெடுந்தூரம் ஓடாமல் இருக்க வேண்டுமென்றால் கர்தான் என் தேர்வு.

நல்ல மறிநாய் எவ்வளவு நெருங்குகிறது என்பதில் எல்லாம் இருக்கிறது. ரொம்பத் தள்ளி நின்றால் பன்றி அலட்சியமாக நடந்து போய்விடும். ரொம்ப நெருங்கிக் கடித்துக்கொண்டே இருந்தால் பன்றி நிற்காது, உடைத்துக்கொண்டு ஓடும், போகிற போக்கில் நாயையும் கிழிக்கும். பன்றி முன்னால் பாயும்போது பின்வாங்கி, அது திரும்பி ஓடப்பார்க்கும்போது மட்டும் பின்தொடையில் ஒரு கடி கொடுத்து நிறுத்தி, மறுபடி முன்னால் வந்து குரைக்கிற நாயைக் கண்டால் விலை பேசத் தயங்க வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு மறிநாய் போதும். ஆறு ஏழு விட்டால் ஒன்றுக்கொன்று தைரியம் ஏறி எல்லாம் சேர்ந்து பாய்ந்துவிடும். பின்னால் இருக்கிற நாய் முன்னால் இருப்பதைத் தள்ள, தள்ளப்பட்டது நேராகப் பன்றியின் பல்லில் போய் விழும்.

பிடிநாய் வேறு உருவம். அமெரிக்கன் புல்டாக், பிட்புல், அர்ஜென்டினாவின் டோகோ, இவற்றின் கலப்பு. எடை 25 முதல் 45 கிலோ. அதற்கு மோப்பம் தேவையில்லை, தூரம் ஓடத் தேவையில்லை. காதைக் கவ்வ வேண்டும், சொல்லும்வரை விடக்கூடாது. காதைக் கவ்வினால் நாயின் உடம்பு பன்றியின் கழுத்தை ஒட்டி, பல் எட்டாத இடத்தில் நிற்கும். மூக்கையோ கீழ்த்தாடையையோ கவ்வப் பழகிய நாய் நேராகப் பல்லுக்கு முன்னால் நிற்கிறது. அது அதிக நாள் தாங்காது. அறுபது எழுபது கிலோப் பன்றிக்கு ஒரு பிடிநாய் போதும். நூறு கிலோவைத் தாண்டிய ஆணுக்கு இரண்டு, காதுக்கு ஒன்றாக.

ஆண் பன்றியின் வாயைப் பக்கத்தில் பார்த்தால் இந்த எச்சரிக்கையெல்லாம் ஏன் என்று புரியும். கீழ்க் கோரைப்பல் மேல்நோக்கி வளைந்து, மேல் கோரைப்பல்லின் முகத்தில் உரசிக்கொண்டே இருக்கும். மேல்பல் சாணைக்கல், கீழ்ப்பல் கத்தி. வாயை மூடித் திறக்கும்போதெல்லாம் தீட்டப்படுவதால் அதன் விளிம்பு உளிபோல் இருக்கும். தாக்கும்போது தலையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் மேல்நோக்கி வீசும். அதனால் நாயின் காயம் பெரும்பாலும் கழுத்தின் அடிப்பக்கம், முன்னங்கால் இடுக்கு, மார்பு, வயிறு. தோள்பட்டையில் தோலுக்கு அடியில் கெட்டியான நார்க்கவசம் இருக்கும். வயதான ஆணில் அது ஓர் அங்குலத்தைத் தாண்டும். நாய் அங்கே கடித்தால் பல் வழுக்கும். பெட்டைக்கு இந்தக் கோரைப்பல் சிறியது. அது கடிக்கும். பெட்டைதானே என்று அஜாக்கிரதையாகக் கையை நீட்டுபவர்கள் விரலில் கடிபடுவார்கள்.

நாய்க்கு மாட்டுவது

முதலில் கழுத்துக் கவசம். இரண்டு மூன்று அடுக்குத் தடித்த நைலான் துணி, அகலம் தாடைக்குக் கீழிருந்து தோள்வரை மறைக்கும்படி. பிறகு மார்புக் கவசம், கார்டுரா என்னும் கெட்டி நைலானில் 1000 டெனியர் (நூலின் தடிமன் அளவு) துணியிலோ அதைவிடக் கெட்டியான துணியிலோ தைத்தது, சிலவற்றில் வெட்டுத் தாங்கும் கெவ்லார் இழை அடுக்கும் உண்டு. முன்னங்காலுக்கு நடுவே, நெஞ்செலும்பின் கீழே துணி வரவேண்டும். பலரும் முதுகுப்பக்கம் மறைத்தால் போதும் என்று வாங்கிவிடுகிறார்கள், வெட்டு விழுவதோ கீழே. அளவு சரியில்லாமல் தொளதொளவென்று இருந்தால் பன்றியின் பல் துணிக்குள் மாட்டி, நாய் விலக முடியாமல் போகும். இரண்டு விரல் நுழைகிற இறுக்கம் சரி.

மறிநாய்க்கு முழுக் கவசம் மாட்டினால் சூட்டில் விழுந்துவிடும். அதற்குக் கழுத்துக் கவசமும், குளிர்ந்த நாளில் மெல்லிய மார்புக் கவசமும் போதும். பிடிநாய்க்குத்தான் முழுக்கவசம், அதையும் இறக்கிவிடும் இடத்தில்தான் மாட்ட வேண்டும். ஆழமான நீர் இருக்கிற இடத்தில் நனைந்த கவசம் நாயை உள்ளே இழுக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஒவ்வொரு நாய்க்கும் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை கட்டாயம். கார்மின் ஆல்ஃபா போன்றவை 2.5 விநாடிக்கு ஒருமுறை நாயின் இடத்தை நம் கைக்கருவியின் திரையில் காட்டும் அளவுக்கு வந்துவிட்டன. திறந்தவெளியில் 14 கிலோமீட்டர்வரை எட்டும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். ஆற்றுப்பள்ளத்தில், அடர்ந்த மரத்துக்குள் அது வெகுவாகக் குறையும். ஆன்டெனாவை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினால்தான் திரும்பக் கிடைக்கும். கைக்கருவியில் நெடுஞ்சாலை, வேலி, பக்கத்து நிலத்தின் எல்லை எல்லாம் ஏற்றிய வரைபடம் இருக்கட்டும். வேலி தாண்டி நாய் போகும். ஆள் போனால் அத்துமீறல். இரு பக்க உரிமையாளரிடமும் முன்கூட்டிப் பேசிவைப்பது பாதி வேலை.

இறக்கிவிட்ட பிறகு

டெக்சாஸில் நவம்பர் முதல் மார்ச்வரை நல்ல காலம். கோடையில் இரவு மட்டும், அதுவும் குறுகிய ஓட்டம். நாய்க்குப் பெரிய தீனியை முந்தின நாள் மாலையே கொடுத்துவிட வேண்டும். வயிறு நிறைய ஓடினால் ஆழ்ந்த மார்புள்ள நாய்க்கு வயிறு முறுக்கிக்கொள்ளும். சில மணி நேரத்தில் உயிர் போகும்.

தடம் பார்ப்பதில் அவசரப்பட வேண்டாம். பன்றிக் குளம்பின் நுனி மழுங்கியிருக்கும், மானுடையது கூர்மையாக இதயம்போல் இருக்கும். சேற்றுக்குட்டையில் தண்ணீர் இன்னும் கலங்கலாக இருந்தால் இப்போதுதான் எழுந்து போயிருக்கிறது. குட்டைப் பக்கத்து மரத்தில் சேறு தேய்த்த அடையாளம் எந்த உயரத்தில் இருக்கிறதென்று பாருங்கள். முழங்காலுக்குக் கீழே என்றால் குட்டிகளும் இளசும். இடுப்பை நெருங்கினால் வண்டிக் கூண்டில் இருக்கும் இரண்டாவது பிடிநாயையும் கூட்டிக்கொண்டு போக வேண்டிய பெரிய பன்றி அங்கே இருக்கிறது. சேறு விரலில் ஒட்டினால் புதுசு, பொடியாக உதிர்ந்தால் நேற்றையது.

காற்றுக்கு எதிர்ப்பக்கமாக இறக்கிவிடுவது நாயின் மூக்குக்கு உதவும். சிலர் வண்டியின் கூண்டு மேலேயே ஒரு நாயை நிறுத்தி மெல்ல ஓட்டுவார்கள். காற்றில் வாடை கிடைத்தால் அது முகத்தைத் திருப்பிக் குரைக்கும், அங்கேயே இறக்கலாம். வயதான நாய் ஒன்றையோ இரண்டையோ முதலில் விட வேண்டும். குரல் நிலைத்த பிறகு மற்றவை.

இங்கிருந்து காதுதான் வேலை செய்ய வேண்டும். ஒரே இடத்திலிருந்து வெட்டுவெட்டாக, ஒரே தாளத்தில் குரைப்பு வந்தால் பன்றி நிற்கிறது. குரைப்பு நகர்ந்துகொண்டே இருந்தால் ஓடுகிறது. பின்தொடருங்கள், பிடிநாயை அவிழ்க்காதீர்கள். குரைப்பு சட்டென்று நின்று பன்றியின் கிறீச்சல் கேட்டால் மறிநாய் ஏதோ ஒன்று கவ்விவிட்டது. அப்போது மட்டும் ஓட வேண்டும். குரைப்பும் இல்லை, கிறீச்சலும் இல்லை, திரையில் நாய் நகரவில்லை என்றால் அடிபட்டுப் படுத்திருக்கிறது.

நெருங்கும்போது பேச்சே கூடாது, டார்ச் முகத்தில் அடிக்கக்கூடாது. ஆள் வாடை பட்டால் பன்றி மறிப்பை உடைத்து ஓடும். அதனால் பன்றிப் பக்கமிருந்து நம் பக்கம் காற்று வரும்படி போக வேண்டும். பிடிநாயைக் கடைசிவரை கயிற்றில் வைத்திருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இருநூறு அடிக்குள் வந்து, முடிந்தால் பன்றியைக் கண்ணால் பார்த்து, அதன் பின்பக்கம் மரமோ கரையோ எங்கே இருக்கிறதென்று தெரிந்த பிறகு அவிழ்க்க வேண்டும். அரைக் கிலோமீட்டருக்கு முன்னாலேயே அவிழ்த்தால் அது மூச்சிரைக்கப் போய்ச் சேரும், பிடி நிற்காது, ஆள் வரும்வரை தனியாகப் பத்து நிமிடம் தாங்க வேண்டியிருக்கும். பிடிநாய் சாவதற்கு நான் பார்க்கிற முதல் காரணம் பன்றியின் பலம் இல்லை, இந்த அவசரம்தான்.

பிடித்த பிறகு ஆள் போவது பின்பக்கமிருந்துதான். நாய் காதில் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்து, கணுக்காலுக்கு மேலே இரண்டு பின்னங்கால்களையும் பிடித்து ஒரே மூச்சில் தரையிலிருந்து தூக்க வேண்டும். பின்னங்கால் காற்றில் இருந்தால் பன்றிக்கு உந்த இடமில்லை. ஒரு காலை மட்டும் பிடித்தால் அது சுழன்றுவிடும். தூக்கியபடியே பக்கவாட்டில் சாய்த்து, தோளுக்குப் பின்னால் முட்டியை ஊன்ற வேண்டும். காலைப் பிடித்தவர் வாய்விட்டுச் சொல்லாமல் விடக்கூடாது.

துப்பாக்கி அந்த நெருக்கத்தில் நாய்க்கும் ஆளுக்கும் ஆபத்து. கத்திதான் வழக்கம். பதினைந்து முதல் இருபது சென்டிமீட்டர் நீளம், இரு பக்கக் கூர், கைப்பிடிக்கு முன்னால் தடுப்பு இருக்க வேண்டும். ரத்தத்தில் கை வழுக்கி அலகின்மேல் போவது சாதாரணமாக நடக்கிற விபத்து. முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால், எதிர்த் தோளை நோக்கிச் செலுத்தினால் இதயம். சரியான இடத்தில் விழுந்தால் ஒரு நிமிடத்துக்குள் முடியும். இடம் தெரியாமல் பலமுறை குத்துபவருக்கு அந்த வேலையைக் கொடுக்கக்கூடாது. விலங்கு வதைபடுவதோடு, துடிக்கத் துடிக்க நாயும் கிழிபடும்.

பிடிநாயை இழுத்து எடுக்காதீர்கள், பல் போய்விடும். முதலில் கயிற்றைக் கழுத்தில் மாட்டி மரத்தில் கட்டுங்கள். பிறகு ஆப்பு வடிவ மரக்கட்டையைக் கடைவாய்ப் பக்கத்துப் பல் இடைவெளியில் நுழைத்துத் திருப்பினால் தாடை தானாகத் திறக்கும். இரண்டு பிடிநாய் இருந்தால் ஒன்றை முழுசாகக் கட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். பன்றி போனதும் அவை ஒன்றையொன்று கவ்வப் பார்க்கும்.

காயம், சூடு, நோய்

உடனே ஒவ்வொரு நாயையும் கவசத்தைக் கழற்றித் தடவிப் பார்க்க வேண்டும், கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. பல் குத்திய ஓட்டை வெளியே பொத்தான் அளவு இருக்கும். தோலுக்கு அடியில் கை நுழைகிற பைபோல் கிழிந்திருக்கும், உள்ளே சேறும் மயிரும். இதை அப்படியே தைத்து மூடினால் இரண்டு நாளில் சீழ். உப்புக்கரைசலை ஊசிக்குழலில் எடுத்து நிறையப் பீய்ச்சிக் கழுவி, கீழ்ப்பக்கம் வடிய வழிவிட்டு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு நல்ல சதையையும் கெடுக்கும். மார்பில் விழுந்த ஓட்டையில் மூச்சோடு காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டால் பிளாஸ்டிக் தாளால் உடனே மூடிக் கட்டி ஓட வேண்டும். ஈறை விரலால் அழுத்திப் பாருங்கள்; இரண்டு விநாடியில் சிவப்பு திரும்பாமல் வெளிறியே இருந்தால் உள்ளே ரத்தம் போகிறது. வலிக்கு நம்முடைய பாராசிட்டமாலோ இபுபுரூஃபெனோ கொடுத்தால் அதுவே விஷம்.

வெட்டைவிட அமைதியாகக் கொல்வது சூடு. நாயின் இயல்பான வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உறுப்புகள் கெடத் தொடங்கும். கால் பின்னுவது, நாக்கு அகலமாகத் தொங்கிக் கருஞ்சிவப்பாவது, கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது ஆகியவை அறிகுறி. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, வண்டியில் ஏற்றிக் காற்று படும்படி வைத்து, 39.5க்கு வந்ததும் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கீழே போய்விடும். அந்த இரவு தேறிவிட்டதுபோல் தெரிந்தாலும் சிறுநீரகம் மறுநாள்தான் காட்டும்.

நோயில் முதலில் சொல்ல வேண்டியது சூடோரேபிஸ். பன்றியில் அறிகுறியே இல்லாமல் இருக்கும் இந்த வைரஸ் நாய்க்கு வந்தால் அரிப்பு தாங்காமல் தன்னையே கடித்துக் கிழித்துக்கொண்டு பெரும்பாலும் இரண்டு நாளில் செத்துவிடும். சிகிச்சை இல்லை. நாய்க்குப் போட அங்கே தடுப்பூசியும் இல்லை. கடிக்கும்போதே தொற்ற வாய்ப்புண்டு, அதை முழுக்கத் தவிர்க்க முடியாது. பச்சை இறைச்சி, குடல், நுரையீரல் எதையும் நாய்க்குப் போடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. பிடித்த பன்றியில் ஒரு துண்டை அறுத்து நாய்க்குப் பரிசாகப் போடும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

புரூசெல்லா சூயிஸ் என்னும் பாக்டீரியா நோய் ஆளுக்கும் வரும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, மாதக்கணக்கில் மருந்து. பன்றியை அறுக்கும்போது நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள்; கையில் வெட்டுக்காயம் இருந்தால் அறுக்கும் வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். குடலைப் புதைக்க வேண்டும். இறைச்சியின் உள்வெப்பம் 71 டிகிரி வரும்வரை வேக வேண்டும். லேசாகச் சிவந்திருக்க இறக்கினால் ட்ரிக்கினெல்லா புழு. பெரிய ஆணின் இறைச்சியில் வீச்சம் இருக்கும். சாப்பாட்டுக்கென்றால் முப்பது நாற்பது கிலோப் பெட்டைதான்.

வீட்டுக்கு வந்ததும் கவசங்களைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தையலை விரித்துப் பார்த்து வெயிலில் காயப்போட வேண்டும். ரத்தம் ஊறிய கவசத்தை அடுத்த நாயின் காயத்தின்மேல் மாட்டுவது நோயைக் கையால் தடவுவது மாதிரி. மறுநாள் காலையில் எல்லா நாயையும் கூண்டிலிருந்து இறக்கி நடக்கவிட்டு, இன்னொரு முறை அடிவயிறும் இடுக்கும் தடவிப் பாருங்கள். முந்தின இரவு சேற்றில் மறைந்திருந்த குத்துக்காயம் இப்போது சூடாக, எலுமிச்சை அளவு வீங்கிக் கையில் படும்.